பின்பக்கக் கவசம்

ஜாய்ஸ்டிக்கின் வயரைத்தான் முதலில் உருவினான் சின்னவன். பிறகு லேப்டாப்பை மூடி, வயரைச் சுருட்டி, எல்லாவற்றையும் தோள்பைக்குள் திணித்து, பையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினான். கட்டிலின் குறுக்கே போட்டிருந்த சின்ன மேசையைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினான். அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தான், விருந்தாளி வரும் நேரத்தில் வீட்டை ஒழுங்கு செய்கிறவன் மாதிரி. அதற்கெல்லாம் பிறகுதான் அண்ணனைத் தொட்டான்.

"அண்ணா" என்று கூப்பிட்டான். பதில் வராது என்று தெரிந்தே கூப்பிட்டான். தலைமாட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். போனில் "அண்ணி, கொஞ்சம் வர்றீங்களா" என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. மூன்று மாடிப் படியையும் ஓடியே ஏறி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே மண்டியிட்டு, புருஷன் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து இயந்திரத்தை நிறுத்தினாள். பல மாதங்களாக ராப்பகல் ஓடிய சத்தம் நின்றதும், பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"எப்போ தம்பி?"

"இப்பத்தான் அண்ணி. போன் பண்றதுக்கு முன்னாடிதான்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

சொன்னான்தான். அந்த வார்த்தைகள் சின்னவனின் நாக்கு நுனியிலேயே இருந்தன. ஆனால் ஒரு பெண்டாட்டியிடம் எடுத்துக் கொடுக்கிற வார்த்தைகளா அவை?

"உங்களைத்தான் கேட்டாரு. 'அவ எங்கடா, இன்னும் வரலையா'ன்னாரு. நான் கையைப் பிடிச்சிட்டே இருந்தேன் அண்ணி. தூங்குற மாதிரி போயிட்டாரு."

அண்ணியின் முகத்தில் என்னவோ ஓடி மறைந்தது. ஆறுதல் என்று அவன் நினைத்துக்கொண்டான். நல்லதைத்தானே சொன்னோம் என்று தனக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். பொய்க்கு இப்படித்தான் ஒரு நல்ல சட்டை மாட்டிவிடத் தோன்றும்.

அண்ணனும் தம்பியும் ஒரே ஆளாக இருந்த காலம் ஒன்று உண்டு. அது ஒரு பழைய கம்ப்யூட்டரின் முன்னால். வெளிநாடு கிளம்பிய மாமா கொண்டுபோக முடியாமல் விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. திரை என்பது கிட்டத்தட்ட ஒரு டிரங்குப் பெட்டி. அதில் ஒரே ஓர் ஆட்டம் இருந்தது. கறுப்பு வானம், சிந்திய மாவு மாதிரி நட்சத்திரங்கள், முக்கோணங்களை ஒட்டவைத்துச் செய்த போர்விமானங்கள். விமானியின் இருக்கையில் நாம். எதிரி எந்தத் திசையிலிருந்தும் வருவான்.

ஒருவன் ஆடவேண்டிய ஆட்டம். இங்கே இருந்ததோ இரண்டு பேர். ஆளுக்கு அரைமணி என்று பங்கு பிரித்திருந்தால் எல்லா வீட்டையும் போலச் சண்டையோடு முடிந்திருக்கும். இவர்கள் நேரத்தைப் பிரிக்கவில்லை, விமானியையே இரண்டாகப் பிளந்துகொண்டார்கள். பெரியவன் நாற்காலியில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக் என்ற குச்சியைப் பிடிப்பான். சின்னவன் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொள்வான். பெரியவனுக்கு முன்னால் தெரிவது மட்டும்தான் கணக்கு. பின்னால் எவன் வருகிறான், கவசத்தில் எவ்வளவு மிச்சம், இஞ்சினுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எல்லாம் சின்னவன் பொறுப்பு. கவசம் என்பது விமானத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஒரு தடுப்பு. ஒரு பட்டனை அமுக்கினால் அது முழுவதும் பின்பக்கம் போய்விடும், இன்னொரு பட்டனில் முன்பக்கம் வரும். அது அடிவாங்கித் தேயத் தேய அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

"பின்னாடி" என்பான் பெரியவன். சொல்லி முடிப்பதற்குள் சின்னவன் அமுக்கியிருப்பான். அண்ணன் கையிலிருக்கும் குச்சியை ஒருநாள், ஒரே ஒருநாள் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை இருந்தது. கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெரியவன் கொடுத்திருப்பான், அதுதான் வேடிக்கை.

கடைசிக் களத்தை மட்டும் அவர்கள் ஜெயித்ததே இல்லை. அகதிகளை ஏற்றிய ஒரு பெரிய கப்பலை எல்லையில் இருக்கும் வாசல்வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். குண்டாக, மெதுவாக, நாலு பக்கமும் அடிவாங்கிக்கொண்டு வரும் அந்தக் கப்பலுக்கு அவர்கள் வைத்த பெயர் பெரியம்மா. ஒவ்வொரு தடவையும் வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் பெரியம்மா வெடித்துப் போவாள். ஒருநாள் சின்னவன் "பெரியம்மா போயிட்டா" என்று கத்த, அடுப்படியிலிருந்த அவர்களுடைய அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் அதே கரண்டியால் இரண்டு பேருக்கும் பூசை வைத்தாள்.

பிறகு டிரங்குப் பெட்டியில் ஒருநாள் புகை வந்தது. அதோடு ஆட்டமும் முடிந்தது. பெரியவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர் ஆனான். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கையில் குச்சி. "ஜாய்ஸ்டிக்குக்கே சம்பளம் தர்றாங்கடா குட்டி" என்று முதல் நாள் போன் செய்து சிரித்தான். சின்னவன் காப்பீட்டு அலுவலகத்தில் கீபோர்டு தட்டினான். அவரவர் கையிலிருந்தது அவரவருக்கு.

நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்த பிறகு ஒருநாள் பெரியவன் சொன்னான்: "டேய், பெரியம்மாவை நாம காப்பாத்தவே இல்லையேடா." சொல்லிவிட்டுச் சிரித்தான், சிரிப்பு இருமலாகி, அண்ணி ஓடிவரவேண்டியதாயிற்று.

சின்னவன் அந்த ஆட்டத்தை இணையத்தில் தேடிப் பிடித்தான். பழைய ஆட்டங்களைப் புது இயந்திரத்தில் ஓடவைக்க யாரோ புண்ணியவான்கள் வழி செய்துவைத்திருந்தார்கள். ஜாய்ஸ்டிக் ஒன்றும் வாங்கினான். கடைசிக் களத்துக்கு முந்தையதையெல்லாம் தானே ஆடி முடித்து, அந்தக் களத்தின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் அண்ணனிடம் போவது என்று முடிவு செய்தான். அதற்கே சில வாரங்கள் பிடித்தன. அந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைப் பார்க்கப் போகவில்லை. ஆபீசில் வேலை என்று அண்ணியிடம் சொன்னான். உண்மையில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கறுப்பு வானத்தில் பறந்துகொண்டிருந்தான். அண்ணனுக்காகத்தான் என்று ஆரம்பித்தது, போகப் போக அண்ணனை மறந்தே ஆடினான். தயாரானதும் போன் செய்து, "அண்ணிகிட்டச் சொல்லாதே, சிரிப்பாங்க" என்றான்.

மதியத்துக்குள் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. டாக்டர் வந்து பார்த்து உறுதிசெய்துவிட்டுப் போனார். சாயங்காலம் வண்டி வரும் என்று ஏற்பாடு. பெரியவனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு, எல்லாரும் அண்ணியிடமும் சின்னவனிடமுமே துக்கம் விசாரித்தார்கள்.

கீழ் வீட்டுத் தையல்காரம்மா அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கடைசியில பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"தம்பி இருந்தாரு" என்றாள் அண்ணி. "கையைப் பிடிச்சிட்டு இருந்தாராம். இவரு என்னைத்தான் கேட்டாராம்."

"கொடுத்து வெச்ச மனுஷன். கூடப் பொறந்தவன் கையப் பிடிச்சிட்டுப் போறதுன்னா சும்மாவா."

சின்னவன் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்துபோனான். திரும்பி வந்தால் துறைமுகத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், மீசை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அண்ணியிடம் அதே கதையைக் கேட்டுவிட்டு நேராகச் சின்னவனிடம் வந்தார். ஆள் மலை மாதிரி. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கைதானேப்பா" என்றார். சின்னவனின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "நாங்க யாருமே இல்லாமப் போயிட்டோமேன்னு இருந்துச்சு. நீ இருந்தியே. அது போதும்."

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. மனிதர் பிடித்திருந்தது சரியாக அந்தக் கையைத்தான்.

அன்று காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் பெரியவன் முகம் அப்படி மலர்ந்தது. மேசையைக் கட்டிலின் குறுக்கே போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து, ஜாய்ஸ்டிக்கை அவன் முன்னால் வைத்தான் சின்னவன். பெரியவன் பிடித்தான். மணிக்கட்டு நிற்கவில்லை. இன்னொரு தடவை பிடித்தான். பிறகு குச்சியை மெல்லத் தம்பி பக்கம் தள்ளினான்.

"நீ புடிடா."

"நீ இல்லாம எப்படி?"

"நான் எங்க போறேன். எனக்கு அந்தப் பின்பக்கப் பட்டனை மட்டும் காட்டு."

அவனுடைய விரலை எடுத்து அந்தப் பட்டன்மேல் வைத்தான் சின்னவன். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் எதிரில் குச்சியைப் பிடித்தான். நன்றாகவே ஓட்டினான். சந்தோஷமாக இருந்தது. அண்ணன் இந்த நிலையில் இருக்கும்போது சந்தோஷமாக இருப்பது தப்பில்லையா என்று ஒரு நினைப்பு வந்தது, அதை எதிரியோடு சேர்த்துச் சுட்டுத் தள்ளினான். பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் நூலாக வந்துகொண்டிருந்தது. "மேல... மேல ஒருத்தன்... விடாத." பெரியம்மா மெதுவாக, அடிவாங்கிக்கொண்டு, வாசலை நோக்கி வந்தாள். சின்னவன் ஒரு முறை அண்ணன் பக்கம் திரும்பினான்.

"முன்னாடி பாருடா. பின்னாடி நான் பாத்துக்கறேன்."

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பின்பக்கக் கவசம் நின்றது. பிறகு எச்சரிக்கை மணி அடித்தது.

"அண்ணா, பின்னாடி."

கவசம் ஏறவில்லை.

"அண்ணா, தூங்கிட்டியா? அமுக்கு. அமுக்குடா."

பிறந்ததிலிருந்து அண்ணனை அவன் டா போட்டதில்லை. பொறுக்க முடியாமல் இடது கையை நீட்டினான். பட்டன்மேல் அண்ணனின் கை இருந்தது. அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தானே அமுக்கினான். தள்ளப்பட்ட கை மேசை ஓரத்தில் நழுவித் தொங்கியது.

அப்போதே தெரிந்துவிட்டது. உயிருள்ள கை அப்படித் தொங்காது, குழந்தைக்குக்கூடத் தெரியும். இயந்திரத்தின் மூச்சை அண்ணனின் மூச்சு என்று நினைத்துவிட்டேன் என்று பிறகு தனக்கே சொல்லிப் பார்த்தான், செல்லவில்லை. முன்னாடி பார் என்று அவன்தானே சொன்னான் என்றும் சொல்லிப் பார்த்தான், அதுவும் செல்லவில்லை. வாசல் தெரிந்தது. பெரியம்மாவுக்கும் வாசலுக்கும் நடுவில் இரண்டே எதிரிகள் மிச்சம். இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தான். திரும்பாமல் ஆடினான். குச்சியையும் தானே பிடித்து, கவசத்தையும் தானே போட்டு, ஒருவனாக ஆடி முடித்தான். பெரியம்மா வாசலைத் தாண்டினாள். திரையில் வாத்திய இசையோடு பாராட்டு வந்தது. அதை நிறுத்திவிட்டுத்தான் திரும்பினான்.

மீசை கையை விட்டதும் சின்னவன் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கையைக் கழுவினான். கழுவினால் போகிற காரியமா அது? கண்ணாடியைப் பார்க்கத் துணிவில்லாமல் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கூடத்தில் அண்ணி அந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "என்னைத்தான் கேட்டாராம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு அதுவும் வரவில்லை. தையல்காரம்மா கொடுத்த தண்ணீரை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டாள். எழுந்து உள்ளறைக்குப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"தம்பி, ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

கட்டிலில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் பெரியவனின் நீலச் சட்டையை விரித்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வருவதற்குள் உடுத்தி முடிக்கவேண்டும். கதவைச் சாத்தச் சொன்னாள். காலரைத் தேய்த்தாள், ஒரு கையைத் தேய்த்தாள். நிமிரவில்லை.

"எத்தனை வாட்டி கேட்டாரு?"

"என்னது அண்ணி?"

"என்னைத்தான். எங்க, எங்கன்னு எத்தனை வாட்டி கேட்டாரு?"

சின்னவன் நீலச் சட்டையின் பொத்தான்களைப் பார்த்தான்.

"நான் மருந்துக் கடைக்கே போகல தம்பி. மருந்தெல்லாம் நேத்தே வாங்கியாச்சு. அவருதான் சொன்னாரு. 'நாளைக்குத் தம்பி வர்றான், ரெண்டு பேரும் அந்த ஆட்டம் ஆடப் போறோம், நீ இருந்தா அவன் கூச்சப்படுவான், நல்லா நேரம் கழிச்சு வா'ன்னு. குழந்தை மாதிரி சொன்னாரு."

அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைத்தது அவளுக்குத் தெரியாத ஒன்றே இல்லை.

"பூங்காவுல போய் உக்காந்தேன். எவ்வளவு மாசமாச்சு, அந்த மிஷின் சத்தம் இல்லாம உக்காந்து. காத்து நல்லா இருந்துச்சு. ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்னேன். போகணும்னு தோணுச்சு, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு உக்காந்துட்டேன். நீங்க போன் பண்ணும்போது அங்கதான் இருந்தேன்." அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவரு இங்க என்னைத் தேடிட்டு இருந்திருக்காரு. நான் அங்க ஐஸ்கிரீம் தின்னுட்டு இருந்திருக்கேன். இதை எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொல்லிட்டு இருக்கேன்."

காலையில் அவள் முகத்தில் ஓடியது ஆறுதல் இல்லை என்று இப்போது தெரிந்தது. தன் மானத்தை மூட எடுத்த துணியில் அவளுக்குச் சுருக்குப் போட்டுவிட்டிருந்தான். இப்படியே விட்டால் இவள் சாகும்வரை அந்தப் பூங்கா பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். அவிழ்க்கவேண்டும் என்றால் அவன் அம்மணமாக நிற்கவேண்டும். கூடத்தில் மீசை மூக்கை உறிஞ்சுவது இங்கேவரை கேட்டது.

"அண்ணி, அண்ணன் உங்களைக் கேக்கல."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"சத்தியமா கேக்கல. நான் சொன்னது பொய்."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என்னதான் சொன்னாரு?"

"'முன்னாடி பாருடா, பின்னாடி நான் பாத்துக்கறேன்'னாரு. ஆட்டத்துல. அவ்வளவுதான்."

"வலிச்சுதா அவருக்கு?"

"இல்ல அண்ணி. சிரிச்ச முகமாத்தான் இருந்தாரு. நான் கடைசியா பாத்தப்போ."

"கையைப் பிடிச்சிட்டு இருந்தேன்னீங்க."

"பிடிக்கல."

அதற்கு மேல் அவள் கேட்கமாட்டாள் என்று நினைத்தான். அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்து, சூடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பெரியம்மா தப்பிச்சாளா?"

அந்தப் பெயரும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எப்போதோ, ஏதோ ஒரு பேச்சில், அண்ணன் சொல்லியிருக்கிறான்.

"தப்பிச்சா" என்றான்.

"அவரு பாத்தாரா?"

பார்த்தார் என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. அவளுக்கும் சந்தோஷம், இவனுக்கும் தப்பித்தல். காலையில் சொன்னதைவிடச் சுலபமான பொய். சின்னவன் தரையைப் பார்த்தான்.

"இல்ல அண்ணி."

அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. அவள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசி இடத்துக்கு வந்து சேர்வதும் தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

அண்ணி சட்டையைக் குப்புறத் திருப்பிப் போட்டாள். படுத்திருப்பவரின் முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் முதுகில் தண்ணீர் தெளித்து, தோளிலிருந்து கீழேவரை நிதானமாகத் தேய்த்தாள். நடுவில் ஒரு மடிப்பு மட்டும் போகவில்லை.

"அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றாள்.

சின்னவன் குனிந்து, துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.